எதிர்நின்று கற்ற கும்மி

மார்கழி கொங்கு நாட்டுக்குள் அடியோசை கேளாமல் வருகிற மாதம். கார்த்திகையின் கடைசி மழை ஓய்ந்து, மண் தன் ஈரத்தை உள்ளுக்குள் இழுத்துக்கொண்ட பின், ஏதோ ஒரு விடியலில் மேற்கே மலைகள் நின்ற இடத்தில் வெண்மை மட்டும் நிற்கக் காண்போம். அறுவடை முடிந்த சோளக் காடுகளின் மேல் பனி தாழ்ந்து படிந்திருக்கும். பனைமரங்கள் உடலை மறைத்துத் தலையை மட்டும் வெளியே காட்டும். கதிரவன் எழுந்த பிறகும், நோன்பிருப்பவர் வாசலில் கால்வைக்கத் தயங்கும் விருந்தாளியைப் போல, நெடுநேரம் திரைக்குப் பின்னாலேயே நின்றுவிடுவான். இறைவனுக்கென்றே ஒதுக்கிய மாதம் ஆகையால் மணவினை இல்லை, புதுமனை புகுதல் இல்லை. கொட்டும் முழவும் ஓய்ந்து கிடக்கும். ஆண்டு பெற்ற பன்னிரண்டு பிள்ளைகளில் இந்த ஒன்று இளமையிலேயே துறவு பூண்டுவிட்டதோ என்று எண்ணத் தோன்றும். உரக்கப் பேசினால் பனி கலைந்துவிடும் என்பதுபோல ஊரே தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளும்.

அப்படித் தாழ்ந்த குரல்களுக்கு நடுவே, அன்னூருக்கு வடக்கே ஒரு வாசலில் மட்டும் நாள்தோறும் மூன்று குரல்கள் சேர்ந்து பாடின. முன்பு பருத்தி விளைந்து, இப்போது வெள்ளைக் கற்கள் நட்டுச் சைட்டுகளாகப் பிரிக்கப்பட்ட பூமி அது. வீடுகள் ஆங்காங்கே எழுந்திருந்தன. எழாத இடங்களில் வேலிமுள் எழுந்திருந்தது. கடைசி வரிசையில் இருந்த ஓட்டுச் சார்ப்பு வீடு அன்புச்செல்வியினுடையது. அவளும் எட்டு வயது இளவேனிலும் நான்கு வயது நறுமுகையும் அந்த மாதம் முழுவதும் இருள் பிரியும் முன் எழுந்து, சாணம் தெளித்து, கோலமிட்டு, அதன் நடுவே சாணத்தால் ஒரு பிள்ளையார் பிடித்து, அவர் தலையில் பூசணிப்பூவும் அறுகம்புல்லும் சூட்டினார்கள். பிறகு சால்வைக்குள் ஒடுங்கியபடி, மார்கழிக்கென்று முன்னோர் பாடிவைத்த பாடல்களை ஒவ்வொன்றாகப் பாடினார்கள். வெயில் ஏறியதும் பிள்ளையாரை எடுத்து முறத்தில் உலர்த்துவார்கள். தை மூன்றாம் நாள் வரும் பூப்பறிக்கும் நோம்பி என்ற பண்டிகையன்று, உலர்ந்த பிள்ளையார்கள் அனைத்தையும் கூடையில் சுமந்துபோய் நீரில் விடுவது அப்பக்கத்து வழக்கம்.

இளவேனிலுக்குப் பள்ளிக்கூடம் என்பது அந்த வீடுதான். பள்ளிகள் அடைபட்டுக் கிடந்த காலத்தில், மற்றப் பிள்ளைகள் ஃபோனுக்குள் டீச்சரைத் தேடிக்கொண்டிருந்தபோது, தமிழ் முதுகலை படித்துவிட்டு வீட்டிலிருந்த அன்புச்செல்வி தன் மகளை மடியில் வைத்து அகரம் தொடங்கினாள். கதவுகள் திறந்த பிறகும் அனுப்ப மனம் வரவில்லை. பருவங்களையே பாடமாக்கிக்கொண்டாள். சித்திரையில் உதிர்ந்த வேப்பம்பூவைப் பொறுக்கி உலர்த்தி, காய்வதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால் அது அறிவியல். ஆடியில் வேம்பின் கிளையில் தூரி கட்டி ஆடும்போது ஏழாம் வாய்பாடு ஊஞ்சலோடு போய் ஊஞ்சலோடு திரும்பும். கார்த்திகை அகல்களை வரிசைக்கு இத்தனை என்று வைத்து வகுத்தலைக் கற்றபோது, மீந்துபோன ஓர் அகலை எங்கே வைப்பதென்று அக்காளும் தங்கையும் சண்டையிட்டார்கள். பாடம் நன்றாகவே நடந்தது. இளவேனில் வயதுக்கு மிஞ்சிப் படித்தாள். ஆனால் அவள் பேச்சில் ‘நாங்க’ என்ற சொல் வந்தால், அதற்குள் இருந்தவர்கள் எப்போதும் மூன்றே பேர்.

நான்காமவர் வால்பாறையில் இருந்தார். இளவேனிலின் அப்பன் மாசாணம் அரசுப் பேருந்து ஓட்டுநர். பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் இடையே உள்ள கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குவதே அவன் பிழைப்பு. ஊரார் எல்லாம் நோம்பிக்குச் சொந்த ஊர் போகிற நாட்களில் அவனுக்குச் சிறப்புப் பேருந்து இருக்கும், விடுப்பு இராது. ஆகையால் அந்த வீட்டில் பண்டிகைகள் பஞ்சாங்கத்தை விட்டு டூட்டிச் சீட்டைப் பின்பற்றின. தீபாவளி எல்லார்க்கும் முடிந்து, வெடித்த காகிதம் தெருவில் மக்கிய பின், மாசாணம் கறியோடு வந்து இறங்குகிற நாளில்தான் அவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். ‘அப்பா நோம்பி’ என்று அதற்கு இளவேனில் பெயரிட்டிருந்தாள். நோம்பி என்றால் அப்பா வருகிற நாள் என்றே அவள் நெடுங்காலம் நம்பியிருந்தாள்.

சொந்த ஊர் என்று அவர்களுக்குப் போவதற்கு ஓர் ஊர் இல்லை. மாசாணத்தின் பெற்றோர் ஆனைமலைப் பக்கம் பிறர் தோட்டத்தில் கூலிக்கு உழைத்து, அந்தத் தோட்டத்துக் குடிசையிலேயே கண்மூடியவர்கள். தோட்டம் கைமாறியபோது குடிசையும் போயிற்று. அன்புச்செல்விக்குச் சத்தியமங்கலத்தில் தாய்வீடு இருந்தது. தாய் போன பிறகு அது அண்ணன் வீடாகிவிட்டது.

இந்த ஐப்பசியில், தாமதமாக வந்த தீபாவளியன்று, பிள்ளைகள் உறங்கிய பின் மாசாணம் மனைவியிடம் மெல்லப் பேச்செடுத்தான்.

“புள்ளைக்குப் படிப்பு வருது. அதுல நான் ஒண்ணும் கொறை சொல்ல மாட்டேன். ஆனா ஆளு வேணுமில்ல செல்வி? நான் பஸ்ஸுல பாக்கறேன். அந்த வயசுப் புள்ளைக சீட்டுக்குச் சண்டை போட்டுட்டு, அடுத்த வளைவுல தோள்மேல தூங்கிப் போவுதுக. நம்ம புள்ள சண்டை போடறதுக்குக்கூட ஒரு ஆளு கெடையாது.”

அவள் மறுத்துப் பேசினாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தை வரைக்கும் பார்ப்போம் என்றான். தைக்குள் அவளோடு ஆட நாலு பிள்ளைகள் சேர்ந்திருந்தால் வீட்டிலேயே படிக்கட்டும். இல்லாவிட்டால் ஆனியில் பள்ளிக்கூடம். அன்புச்செல்வி அதற்கு இசைந்தாள். இசைந்த கணம் முதல், தை மூன்றாம் நாளை அவள் தன் தேர்வு நாளாக மனத்துள் குறித்துக்கொண்டாள். பூப்பறிக்கும் நோம்பி தனியாகக் கொண்டாட முடியாத நோம்பி. பெண்பிள்ளைகள் திரளாகக் கூடி, பலகாரம் கட்டிக்கொண்டு, ஆவாரம்பூப் பறித்து, நீர்க்கரையில் கும்மி அடிக்க வேண்டும். அன்றைக்கு இளவேனிலைச் சுற்றி ஒரு வட்டம் நின்றால், அதைப் படம் பிடித்து வால்பாறைக்கு அனுப்பினால், அதற்கு மேல் அவன் கேட்க ஒன்றும் இராது.

மார்கழியின் நடுவில் ஒருநாள் பாட்டு முடிந்ததும் இளவேனில் கேட்டாள்.

“அம்மா, இந்தப் பாட்டுல எல்லாரும் ஒவ்வொரு ஊடாப் போயி ஆரையாச்சும் எழுப்பிக்கிட்டே இருக்கறாங்களே. நாம ஆரைங்க எழுப்பறது?”

அன்புச்செல்வி பனி மூடிய தெருவைப் பார்த்தாள். எதிரே வரிசையாகக் கற்கள். அதற்கப்பால் உயர்ந்த இரும்புக் கதவுகள்.

“சாமியை எழுப்பறோம் கண்ணு.”

“சாமி நம்ம கோலத்துலயே உக்காந்திருக்குது. அது எப்பவோ எந்திரிச்சிருச்சு” என்றாள் நறுமுகை. இளவேனில் சிரித்தாள். தாய் சிரிக்க முயன்று, கோலப்பொடிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாணமும் பாலும் சைட்டுக்கு அப்பால் இருந்த சிற்றூரிலிருந்து வந்தன. அங்கே இரண்டு மாடு வைத்திருந்த பழனியாத்தாள் அன்புச்செல்வியின் வயதினள், வாய் ஓயாதவள். வாளியும் கையுமாக நிற்பவளைப் பார்த்து, “ஏனம்மணி, எம்மே படிச்சுப்போட்டுச் சாணி அள்ள வந்து நிக்கறியே, கவருமெண்டுல இதுக்குத்தான் சர்ட்டிபிகேட் குடுத்தாங்களா?” என்பாள். பிறகு அவளே நல்ல சாணமாகப் பார்த்து வாளியில் போடுவாள். அவளுக்கும் ஒரு மகள் உண்டு என்று அன்புச்செல்விக்குத் தெரியும். கயிற்றில் உலரும் சீருடையைப் பார்த்திருக்கிறாள். ஆனால் அந்தப் பிள்ளை எழுமுன்னே இவள் வந்துபோய்விடுவாள். நோம்பிக்கு அழைப்பதென்று அவள் எண்ணியபோது அவள் கண்முன் நின்றவை சைட்டின் இரும்புக் கதவுகள் மட்டுமே. அவற்றுக்குள்தான் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் ஓசை மாலைதோறும் கேட்டுக்கொண்டிருந்தது.

சைட்டில் குடியிருப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. தண்ணீர் லாரி, தெருவிளக்கு, நாய்த் தொல்லை ஆகியவை பற்றியே அதில் பேச்சு நடக்கும். அன்புச்செல்வி அதில் மூன்று நாள் எழுதி எழுதி அழித்து, முடிவில் அழைப்பை இட்டாள். தை மூன்றாம் நாள் காலை எல்லாப் பிள்ளைகளும் தன் வீட்டுக்கு வர வேண்டும். குட்டைக்குப் போய்ப் பூப்பறிப்போம், கும்மி அடிப்போம், பலகாரம் தன் பொறுப்பு. சற்று நேரத்தில் கட்டைவிரல்கள் முளைத்தன. ஒருவர் இதயக் குறி இட்டார். இன்னொருவர் ‘சூப்பர் மேடம், நம்ம கல்ச்சர்’ என்று எழுதினார். அவள் அந்தக் கட்டைவிரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது கரூர்க்காரர் வீட்டு இரட்டையர், இது வங்கிக்காரர் மகள் என்று பிள்ளைகளின் முகங்களை அவற்றில் பொருத்தினாள். அன்றிரவு வால்பாறைக்குப் பேசும்போது, பெரிய கூட்டமே வரும் போலிருக்குதுங்க என்றாள். “அப்பிடியா, நல்லதுதான்” என்று மாசாணம் மகிழ்ந்தான்.

பிறகு கும்மி கற்பித்தல் தொடங்கியது. கட்டிலும் புத்தக அலமாரியும் போக, வட்டமாகச் சுற்றி வர அந்த ஹாலில் இடம் இல்லை. ஆகவே தாயும் மகளும் எதிரெதிரே நின்றார்கள். தாய் குனிந்து தட்டுவாள், மகளும் குனிந்து தட்டுவாள். தாய் ஓரடி நகர்ந்து நிமிர்வாள். கண்ணாடியில் தெரியும் உருவம் போல மகளும் உடன் நகர்வாள். இருவர் கையும் ஒரே நொடியில் ஒலித்தன. இளவேனிலுக்குத் தாளம் இயல்பாகவே வாய்த்திருந்தது. நறுமுகை இடையில் புகுந்து கெடுக்கும்போது மட்டும் ஆட்டம் நிற்கும். எத்தனையோ ஆண்டுக்குப் பின் தன் கைகளுக்கு எதிரொலி கிடைத்ததில் அன்புச்செல்வி, பாடம் முடிந்த பிறகும், இன்னொரு முறை கண்ணு, இன்னொரு முறை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பொங்கல் வந்தது. காப்புக் கட்டும் நாளில் வேப்பிலையும் ஆவாரையும் பூளைப்பூவும் சேர்த்துக் கட்டி வாசலில் செருகினார்கள். சூரியப் பொங்கலையும் பட்டிப் பொங்கலையும் வழக்கம்போல அப்பா வருகிற நாளுக்குத் தள்ளி வைத்தார்கள். பூ நோம்பியை மட்டும் தள்ளவில்லை. இரண்டாம் நாள் முழுதும் அன்புச்செல்வி அடுப்படியில் நின்று வெல்லப் பாகு காய்ச்சிக் கச்சாயம் சுட்டாள், எள்ளுருண்டை பிடித்தாள். இளவேனில் வாழையிலைத் துண்டுகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் யார் எது தின்பார்கள் என்று தானே தீர்மானித்துக்கொண்டிருந்தாள். நாள் நெருங்க நெருங்க அவள் பேச்சு குறைந்தது. உறங்குமுன், “அவங்களுக்கு என்ற பேரு தெரியுமுங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

தை மூன்றாம் நாள் காலை பனி விரைவிலேயே விலகிற்று. பாவாடை சட்டை உடுத்து, தலைநிறையப் பூவைத்து, அக்காளும் தங்கையும் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். ஒருவரும் வரவில்லை. தெருவில் சைக்கிள் ஓசை இல்லை, காரின் ஓசை இல்லை. வெயில் படியேறி இளவேனிலின் மடிக்கு வந்தது. அன்புச்செல்வி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, தானே போய்க் கூப்பிட்டு வரலாம் என்று புறப்பட்டாள்.

முதல் கதவில் பூட்டு. அடுத்ததிலும் பூட்டு. வங்கிக்காரர் வீட்டின் கதவில் செருகிய காப்புப் பூ, நீர் தெளிப்பாரின்றி வாடித் தொங்கியது. கரூர்க்காரர் வீட்டுக்குள்ளிருந்து நாய்கூடக் குரைக்கவில்லை. அதையும் காரில் ஏற்றிப் போயிருந்தார்கள். வரிசை முடிவில் ஒரே ஒரு கதவு திறந்திருந்தது. மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்ற கோவிந்தராஜுலு, பனியனோடு செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கூடையும் பூவுமாக நின்ற மூவரையும் பார்த்ததும் அவருக்கு நிலைமை விளங்கிவிட்டது.

“ஏனுங்கம்மா, பொங்கலுக்கு ஆருங்க சைட்டுல இருப்பாங்க? அவங்கவங்க ஊருக்குப் போயிட்டாங்க. நாந்தான் எல்லா ஊட்டுக்கும் காவக்காரன்.”

“குரூப்புல லைக் போட்டிருந்தாங்களேங்க…”

“அது பாத்துப்போட்டோமுன்னு சொல்றதுக்குங்க” என்றார் அவர், தயங்கி. பிறகு இளவேனிலின் முகத்தைப் பார்த்து, “நான் வேணா வரட்டுங்களா கும்மிக்கு? முட்டி ரண்டும்தான் ஒத்துக்காது” என்றார்.

இளவேனில் சிரிக்கவில்லை. ஆயினும் கூடையிலிருந்து ஒரு கச்சாயம் எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அன்புச்செல்வியின் கால்கள் வீட்டை நோக்கித் திரும்பின. ஒவ்வொரு பொங்கலுக்கும் இந்தத் தெரு இப்படித்தான் வெறிச்சோடியிருக்க வேண்டும். தங்கள் பொங்கல் எப்போதும் பின்னால் வந்ததால், இவ்வளவு ஆண்டும் அவள் அதைக் கவனித்ததே இல்லை. ஊர் வைத்திருப்பவர்கள் ஊருக்குப் போவார்கள் என்பதுகூடத் தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று நொந்துகொண்டாள். நறுமுகை பசிக்கிறது என்றாள். இளவேனில் தாயின் முந்தானையைப் பற்றி இழுத்தாள்.

“நாம மட்டுமே போலாமுங்கம்மா. பிள்ளையாரைத் தண்ணியில உடணுமில்ல.”

வீட்டிலிருந்த பிள்ளையார்க் கூடையையும் எடுத்துக்கொண்டு மூவரும் நடந்தார்கள். வேலியோரம் ஆவாரை மஞ்சளாய்ப் பூத்துச் சொரிந்திருந்தது. பறிக்கப் பறிக்கக் கைகள் நிறைந்தன. மூவருக்கு அது மிகுதி. நெடுங்காலம் வறண்டு கிடந்த குட்டை, பவானித் தண்ணீர் குழாய்வழி வரத் தொடங்கியபின் கரைதொட்டு நிறைந்திருந்தது. அதன் மேட்டில் ஏறும்போதே அவர்களுக்குப் பாட்டுச் சத்தம் கேட்டது.

கரையில் சிறுமிகள் கூட்டமாய் நின்றிருந்தார்கள். சிற்றூர்ப் பிள்ளைகள். நடுவே செங்கல்மேல் ஒரு சிறிய ஸ்பீக்கர் சினிமாப் பாட்டைக் கத்திக்கொண்டிருக்க, அதைச் சுற்றிக் கும்மி நடந்தது. மரத்தடியில் பழனியாத்தாளும் இன்னும் சில பெண்களும் பலகாரத் தூக்குப்போசிகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். அன்புச்செல்வியைக் கண்டதும் பழனியாத்தாள் கையசைத்தாள்.

“வா அம்மணி. மாசம் பூராச் சாணி அள்ளிக்கிட்டுப் போனியே, எங்கியோ பெருசாக் கொண்டாடறயாட்டம்னு நெனச்சிருந்தேன். இங்கதானா?”

அழைக்க வேண்டிய வாசலில் நாள்தோறும் வாளியோடு நின்றுவிட்டு அழைக்காமல் போனது அப்போதுதான் அன்புச்செல்விக்கு உறைத்தது. அவள் கச்சாயக் கூடையை இறக்கி வைத்தாள். அதற்குள் சிறுமிகள் இளவேனிலைச் சூழ்ந்துகொண்டார்கள். பழனியாத்தாளின் மகள் பிரத்யுஷா நாலாம் வகுப்பு. கூட்டத்துக்கு அவளே தலைவி என்பது இடுப்பில் கைவைத்த விதத்திலேயே தெரிந்தது.

“ஏ புள்ள, நீ எந்த ஸ்கூலு?”

“எங்க ஊடுதான்.”

“ஊடு ஸ்கூலா? அப்ப உங்கம்மாதான் எச்செம் டீச்சரா?”

“ம்.”

“பெல்லு ஆரு அடிப்பாங்க?”

இளவேனில் யோசித்தாள். “குக்கரு விசில் அடிக்கும்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கேலிதான், ஆனால் அதில் முள் இல்லை. பிரத்யுஷா அவள் கையைப் பிடித்து இழுத்து, தனக்கும் இன்னொருத்திக்கும் நடுவே வட்டத்தில் நிறுத்தினாள். அன்புச்செல்வி ஃபோனை எடுத்தாள். படம் பிடிக்க வேண்டிய கணம் இதுவே என்று கை தானாக உயர்ந்தது.

பாட்டு தொடங்கியது. கைகள் தட்டின. இளவேனிலின் தட்டு துல்லியமாக விழுந்தது. குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், ஓரடி வைத்தார்கள். வட்டம் முழுவதும் வலப்பக்கம் நகர்ந்தது. இளவேனில் மட்டும் இடப்பக்கம் நகர்ந்து பக்கத்துச் சிறுமியின்மேல் மோதினாள். மறுபடி தட்டினார்கள், மறுபடி அவள் எதிரே போய் முட்டினாள். மூன்றாம் முறை அந்தச் சிறுமி நிலைதவறி உட்கார்ந்துவிட, வட்டம் அறுந்தது.

“இவ ரிவர்ஸுல ஓடறாடீ” என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. இளவேனில் முகம் சிவக்க ஓடிவந்து தாயின் இடுப்பில் புதைந்தாள். அவள் குரல் சேலைக்குள்ளிருந்து வந்தது.

“நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியேதானுங்க அடிச்சேன்.”

அன்புச்செல்வி அசையாமல் நின்றாள். அந்தச் சிறிய ஹாலும் எதிரெதிரே நின்ற இரு உருவங்களும் அவள் கண்ணில் வந்தன. தான் வலப்பக்கம் வைத்த ஒவ்வோர் அடிக்கும் மகள் இடப்பக்கம் அடி வைத்திருக்கிறாள். இருவர் மட்டும் இருந்தவரை அது பிழையாகத் தெரியவே இல்லை; ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நகர்ந்ததால் அழகாகக்கூட இருந்தது. பிழை தெரிய மூன்றாவதாக ஒருத்தி வேண்டியிருந்தது. வேறு எத்தனை பாடங்களை இப்படி முகம் பார்த்துக் கற்பித்தேனோ என்ற எண்ணம் எழுந்தது.

ஃபோனை இடுப்பில் செருகினாள். மகளின் தோளைப் பற்றித் திருப்பினாள். இம்முறை எதிரே நிற்காமல், அவள் முதுகுக்குப் பின்னால் நின்றாள். இரு கைகளையும் தன் கைகளுக்குள் வாங்கிக்கொண்டு, வட்டத்தை நோக்கி அவளை நிறுத்தினாள்.

“என்னைப் பாக்காத கண்ணு. அவங்களைப் பாரு.”

தட்டினாள். குனிந்தாள். அவள் வலக்கால் நகர்ந்தபோது, அதற்கு முன்னிருந்த சிறிய வலக்காலும் நகர்ந்தது. மேட்டின் ஓரத்தில் தாயும் மகளும் ஓருடல் போலச் சில சுற்று வந்தார்கள். அதன்பின் அன்புச்செல்வியின் கைகள் தளர்ந்தன. முன்னே சென்றவள் அதை அறியவில்லை. அடி மாறாமல் போய்க்கொண்டே இருந்தாள். பிரத்யுஷா வட்டத்தைச் சற்றே விலக்கி, “வா ரிவர்ஸு” என்று இடம் கொடுத்தாள். வட்டம் மூடிக்கொண்டது. அதற்குள் மகள் எங்கே இருக்கிறாள் என்று தேடித்தான் காண வேண்டியிருந்தது.

ஃபோன் ஒலித்தது. மாசாணம் வால்பாறையில் வண்டியை நிறுத்தியிருந்தான். அடுத்த நடைக்கு முன் டீ குடிக்கிற நேரம்.

“ஆருனாச்சும் வந்தாங்களா?”

சிரிப்பொலி கரையெங்கும் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும். ஆமாங்க, கூட்டம் கூட்டமா வந்திருக்காங்க என்று சொல்லிவிடலாம். ஒரு படம் அனுப்பினால் போதும். நாளைக் காலையும் அதற்கு மறுநாள் காலையும் இளவேனில் வீட்டிலேயே இருப்பாள். அவள் அந்தச் சொற்களை நாவின் நுனிவரை கொண்டுவந்தாள்.

“சைட்டுல ஒருத்தரும் வரலீங்க. ஊருக்குப் போயிட்டாங்க. இது பாலூத்தற பழனியாத்தாள் ஊட்டுப் புள்ளைக. தானா வாச்சதுங்க.”

மறுமுனையில் ஒலிபெருக்கியில் ஏதோ ஊர்ப்பெயர் கூவுவது கேட்டது.

“ஆனியில அவங்க பள்ளிக்கூடத்துலயே சேத்துப்போடலாமுங்க. நடந்து போற தூரந்தான்.”

“செரி” என்றான் அவன். பிறகு அவன் குரல் இறங்கியது. “நீ என்ன பண்ணுவே செல்வி?”

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை; அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதுமில்லை. எப்போதும் பிள்ளைக்கு ஆள் வேண்டுமா என்பதே பேச்சாக இருந்தது. சின்னவள் இருக்கிறாளே என்று சொல்ல வாயெடுத்துத் திரும்பிப் பார்த்தாள். நறுமுகை இரு கையிலும் எள்ளுருண்டையோடு வட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு, தாளம் தப்பிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

“பாக்கலாமுங்க. நீங்க வளைவுல பாத்து எறங்குங்க” என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

வெயில் உச்சியை நெருங்கியது. பிள்ளையாரை நீரில் விடும் வேளை வந்ததென்று மகளை அழைத்தாள். மாதம் முழுவதும் அந்தப் பிஞ்சு விரல்கள் பிடித்த உருவங்கள் ஆகையால், அந்தக் கைகளே விடட்டும் என்றுதான் இதுநாள் வரை எண்ணியிருந்தாள். இளவேனில் வட்டத்திலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நீங்களே உட்டுருங்கம்மா” என்ற குரல் மட்டும் கைத்தட்டலுக்கு இடையில் வந்தது.

அன்புச்செல்வி பிள்ளையார்க் கூடையை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். நீர் அவள் கணுக்காலைக் குளிர்ச்சியாய்ப் பற்றியது. வானத்தையும் கரையையும் ஒருசேர ஏந்திக் குட்டை அசையாதிருந்தது. அவள் ஒவ்வொரு பிள்ளையாராக எடுத்து, இரு கையாலும் நெற்றிக்கு உயர்த்தி, தாழ்த்தி, நீரின் மேல் வைத்தாள். உலர்ந்த உருவங்கள் சிறிது நேரம் மிதந்தன. ஈரம் ஏற ஏறத் தலை தாழ்த்தி, ஒன்றன்பின் ஒன்றாய் உள்ளே போயின. அவற்றின் மேல் ஆவாரம்பூவைத் தூவினாள். பாட்டொன்றும் அவள் பாடவில்லை. கடைசிப் பூவும் கையைவிட்டுப் போன பின், வெறுங்கைகளைக் குவித்து, கண்மூடி, நீருக்குள்ளேயே நெடுநேரம் நின்றாள்.

மேட்டில் கைகள் ஒலித்துக்கொண்டிருந்தன. அவள் கண்திறந்து அந்த ஒலியின் பக்கம் திரும்பி, குவித்த கைகளைப் பிரித்து, உள்ளங்கைகள் கீழ்நோக்க நீட்டினாள். உதடு மட்டும் அசைந்தது.

“இந்த நீர் குறையாதிருக்கட்டும். இந்தக் கரை வெறிச்சோடாதிருக்கட்டும். பிள்ளைகளே, நீங்கள் நிற்கிற வட்டத்தில் எந்நாளும் உங்களுக்கு இருபுறமும் ஒரு கை இருக்கட்டும். நன்றாயிருங்கள்.”